பத்து மணிச் சோறு

மேலவெளி
28.4.1972

தம்பி இராஜாங்கத்துக்கு,

தங்கையன் எழுதுவது. என் பாதி வயிறு நலம். உன் பாதி வயிற்றின் நலமறிய ஆவல்.

இதென்னடா கூத்து, அரை மைல் தள்ளி இருக்கிற மிராசுதார் ஸ்டாம்பு ஒட்டித் தபால் போடுகிறாரே என்று நினைப்பாய். வேறு என்ன செய்யச் சொல்கிறாய்? நான் உங்கள் தெருவுக்குள் வந்தால் ஓட்டுக் கேட்க வந்தேன் என்பார்கள். நீ இங்கே வந்தால் கொல்லைப் பக்கம் நிற்க வைத்துத்தான் பேசவேண்டும், அதற்கும் என் காரியக்காரர் கண்ணுசாமி காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பார். மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் அடுத்தடுத்த கட்டிலில் கிடந்தோம். ஒருத்தன் வாந்தி எடுத்தால் மற்றவன் நர்சைக் கத்திக் கூப்பிட்டோம். ஒரே பிளாஸ்க்கில் கஞ்சி குடித்தோம். அதையெல்லாம் இந்த ஊரில் எந்த இடத்தில் உட்கார்ந்து பேசுவது? அதனால் மன்னார்குடிக்கு வக்கீலைப் பார்க்கப் போகும்போது அங்கே பெட்டியில் போடுகிறேன். உறையின் பின்னால் பெயர் எழுதமாட்டேன், கோபிக்காதே.

தனி அறை காலி இல்லை, பொது வார்டில்தான் படுக்கவேண்டும் என்று அந்தச் சின்ன டாக்டர் சொன்னபோது நான் போட்ட சத்தம் உனக்கு ஞாபகம் இருக்கும். பக்கத்துக் கட்டிலில் எங்கள் ஊர்க் கூலிக்காரனே கிடக்கிறான் என்று பார்த்ததும் இன்னும் எரிச்சல். ஊரில் பத்து வருஷமாக உன்னைப் பார்த்திருக்கிறேன், ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்தத் தனி அறை கிடைத்திருந்தால் மயக்கம் தெளிந்த முதல் நாளே பயத்தில் செத்திருப்பேன். உனக்கும் குடற்புண், எனக்கும் குடற்புண். உனக்கும் பாதி இரைப்பையை வெட்டி எடுத்துவிட்டு மீதியைக் குடலோடு தைத்தார்கள், எனக்கும் அப்படியே. ‘அண்ணன்னு கூப்பிடுடா’ என்று அங்கே சொன்னேன். ஊருக்கு வந்ததும் அது ரத்தாகிவிடவில்லை.

இங்கே யாருக்கும் தெரியாது. நில உச்சவரம்புக் கேசுக்காக மெட்ராஸில் தங்கினேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். தாயில்லாத பெண் சாவித்திரி, அவளுக்குக்கூடத் தெரியாது. சித்திரை வெயிலில் சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறேன், தழும்பு தெரிந்துவிடும் என்று. சாப்பிட்டதும் அரை மணி நேரம் படுக்கவேண்டும் என்று டாக்டர் சொன்னாரே, கதவைச் சாத்திக்கொண்டு படுக்கிறேன். ‘உள்ள என்னப்பா பண்றீங்க’ என்று கேட்டாள். வாயில் வந்தது, தியானம் என்று சொல்லிவிட்டேன். கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு கோயில் வாசலில் கூட்டம் போட்டவன் நான்! குறைவாகச் சாப்பிடுவதால் விரதம் என்றும் சேர்த்துக்கொண்டார்கள். சமையல்காரம்மாள் என்னைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள்.

சிரிப்பாய்த்தான் இருக்கிறது. ஆனால் தனியாக ஒரு கிண்ணம் சோற்றை வைத்துக்கொண்டு மூடிய கதவைப் பார்த்தபடி சாப்பிடுவது பெரிய தண்டனை. பதில் போடு.

இப்படிக்கு,
உன் அண்ணன்,
தங்கையன்


கீழத்தெரு, மேலவெளி
14.5.1972

அண்ணன் அவர்களுக்கு,

இராஜாங்கம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. எனக்கு மீதம் வைத்த வயிறு நன்றாக இருக்கிறது. உங்கள் தியானம் நல்லபடி நடக்கிறது என்று அறிந்து சந்தோஷம்.

எங்கள் தெருவில் உறைபோட்டுத் தபால் வருவது எனக்கு ஒருத்தனுக்குத்தான். என் புருஷனுக்குக் கவர்மெண்டில் வேலை வரப்போகிறது என்று அம்சம் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். எட்டாம் வகுப்புவரை படித்தவன் அல்லவா, நம்பிவிட்டார்கள். நான் மறுக்கவில்லை. உங்களுக்கு விரதம், எனக்குக் கவர்மெண்ட் வேலை. ஆளுக்கொரு பொய்யோடு இருக்கிறோம்.

டாக்டர் சொன்னதை நானும் அம்சத்திடம் ஒப்பித்தேன். ஒரே தடவையில் நிறையச் சாப்பிடக்கூடாது, கொஞ்சம் கொஞ்சமாக ஆறு தடவை. சோற்றோடு தண்ணீர் கூடாது. இனிப்பு கூடாது. சாப்பிட்டதும் படுக்கவேண்டும், இல்லாவிட்டால் வேர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடத்து, கண் இருட்டும். எல்லாம் கேட்டுவிட்டு, ‘ஆறு தடவையா? அந்த டாக்டரு வந்து உலை வைப்பாரா?’ என்றாள். பிறகு அவளே அழுதாள்.

பழையசோறும் நீராகாரமும்தான் எங்களுக்குக் காலை ஆகாரம். அது நமக்கு விஷம் என்று அனுபவத்தில் கண்டேன். ஒரு சட்டி குடித்துவிட்டு எழுந்தேன், வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். நெஞ்சு அடித்த அடியில் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். இப்போது நீரை இறுத்துவிட்டுப் பருக்கையை மட்டும் பிசைந்து தின்கிறேன். நீரை அம்சம் குடிக்கிறாள். உங்களுக்கு எது ஒத்துக்கொள்கிறது என்று எழுதுங்கள்.

ஆற்றில் தண்ணீர் வந்ததும் வேலைக்கு வந்துவிடுவேன். உங்கள் வயலுக்குத்தான் முதலில்.

இப்படிக்கு,
தம்பி,
இராஜாங்கம்


மேலவெளி
20.7.1972

தம்பி இராஜாங்கத்துக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்றாம் தடவை சாவித்திரி வந்துவிட்டாள், வக்கீல் நோட்டீஸ் என்று சொல்லி மடித்து வைத்தேன்.

மாடியிலிருந்து பார்த்தால் தெற்கு வெளி முழுக்கத் தெரியும். நாற்று முடி தூக்கிப் போகிறவர்களில் நீ யார் என்று கண்டுபிடித்துவிட்டேன். வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு குனிகிறவன் நீதான். நானும் அப்படித்தான் குனிகிறேன். அடுத்த தடவை குனியும்போது மூச்சை விட்டுக்கொண்டே குனி, இழுக்காது. நானே கண்டுபிடித்தது.

எனக்கு ஒத்துக்கொள்வது இட்லி. சட்னி வேண்டாம், மிளகாய்ப்பொடி வேண்டாம், வெறும் இட்லி. தயிர் கெட்டியாக இருந்தால் சேருகிறது. வாழைப்பழம் பாதி. போன வாரம் மைத்துனர் வீட்டு விசேஷத்தில் ‘ஒரே ஒரு லட்டு’ என்று வாயில் திணித்துவிட்டார்கள். கார் ஏறுவதற்குள் வேட்டி சட்டை எல்லாம் நனைந்துபோயிற்று. டிரைவர், ‘வெயில் ஜாஸ்தியா இருக்குதுங்க’ என்றான். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல?

நல்ல செய்தி ஒன்று. சாவித்திரிக்குக் கும்பகோணத்துப் பக்கம் நல்ல இடம் கூடி வருகிறது. பையன் இன்ஜினீயர். தை மாதம் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். சம்பந்தி வீட்டார் என் விரதத்தைக் கேள்விப்பட்டு மெச்சிப் பேசினார்களாம். எங்கே போய்ச் சொல்ல!

இராஜாங்கம், வயிற்றைப் பற்றி நான் பேசக்கூடியவன் இந்த உலகத்தில் நீ ஒருத்தன்தான். சாப்பிட்டு முடித்துப் படுக்கும்போது, அவனும் இந்நேரம் படுத்திருப்பான் என்று நினைத்துக்கொள்கிறேன். கொஞ்சம் தைரியமாக இருக்கிறது.

உன் அண்ணன்,
தங்கையன்


கீழத்தெரு, மேலவெளி
24.9.1972

அண்ணன் அவர்களுக்கு,

இராஜாங்கம் வணக்கம். மூச்சை விட்டுக்கொண்டு குனிந்தால் இழுக்கவில்லை, உண்மைதான். நன்றி.

ஒரு காரியமாக எழுதுகிறேன். நீங்கள்தான் முடித்துத் தரவேண்டும்.

விடியற்காலையில் இறங்கினால் மத்தியானம்வரை குனிந்த தலை நிமிராமல் வேலை. அதுதான் வழக்கம், உங்களுக்குத் தெரியும். என் வயிறு அதுவரை தாங்காது. பத்து மணிக்கு ஏதாவது போட்டாகவேண்டும். போட்டால் படுத்தாகவேண்டும். ஒரு கை சோற்றைத் துணியில் முடிந்து கொண்டுபோய், பத்து மணிக்குத் தின்றுவிட்டு, வரப்பில் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் படுத்துவந்தேன். நடவு சமயத்தில் கண்ணுசாமி பார்த்தும் பாராததுபோல் இருந்தார். குறுவை அறுப்பு வந்ததும் பிடித்துக்கொண்டார். ‘ஏண்டா, உனக்கு மட்டும் என்ன மாமியார் வூடா? சங்கத்துல சொல்லிக் கொடுத்தாங்களா, படுத்துக்கிட்டே கூலி வாங்கலாம்னு?’ என்று எல்லார் முன்னாலும் கேட்டார். ஆபரேஷன் என்றேன். சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டினேன். ‘தழும்பு எனக்கும்தான் இருக்கு, மாடு முட்டுனது’ என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பாதிக் கூலி போட்டார். மறுநாள் வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

உங்கள் பண்ணையில் வேண்டாம் என்று சொன்ன ஆளை வேறு யாரும் கூப்பிடமாட்டார்கள். மேலத்தெருவில் எல்லாரும் கண்ணுசாமி சொன்னதையே சொல்கிறார்கள், இது கூலிக்காரர் சங்கத்தின் தந்திரமாம்.

நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சாப்பிட்டால் படுக்கத்தான் வேண்டும், அந்த ஆபரேஷன் அப்படி, எனக்குத் தெரியும் என்று ஒரு வார்த்தை. உங்களுக்கும் நடந்தது என்று சொல்லவேண்டாம் என்றால் வேண்டாம், டாக்டர் சொன்னதாகச் சொல்லுங்கள். ஆனால் நான் சோம்பேறி இல்லை என்று உங்கள் வாயால் சொல்லவேண்டும். இந்த ஊரில் அது பொய்யில்லை என்று உடம்பால் அறிந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

இப்படிக்கு,
தம்பி,
இராஜாங்கம்


மேலவெளி
6.10.1972

தம்பி இராஜாங்கத்துக்கு,

உன் கடிதம் படித்த இரவு தூக்கமில்லை. கண்ணுசாமியைக் கூப்பிட்டேன். கூப்பிட்டு நிறுத்திவிட்டு, எள் மூட்டை வந்ததா என்று கேட்டு அனுப்பிவிட்டேன். வாய் வரவில்லையடா.

நான் சொன்னால் அவர் சும்மா இருப்பார் என்றா நினைக்கிறாய்? ‘ஐயாவுக்கு எப்படித் தெரியும்? இராஜாங்கம் மெட்ராஸ்ல கெடந்தப்பதானே ஐயாவும் மெட்ராஸ்ல இருந்தீங்க’ என்று விரலை மடக்கி எண்ணிவிடுவார். அவர் எண்ணினால் ஊரே எண்ணும். பாதி வயிற்றை எடுத்தார்கள் என்றால் குடற்புண் என்று யார் நம்புவார்கள்? புற்றுநோய் என்றுதான் பேசுவார்கள். குடும்பத்தில் நோய் என்று சம்பந்தி வீட்டார் தாம்பூலத்தைத் திருப்பிவிடுவார்கள். தாயில்லாப் பெண். தைவரைக்கும் பொறுத்துக்கொள். கல்யாணம் முடியட்டும், நானே சொல்கிறேன். இது சத்தியம்.

அதுவரை நீ வேலைக்குப் போகவேண்டாம். உடம்பைத் தேற்று. ஒரு மூட்டை நெல் உங்கள் தெரு முனையில் இறக்கச் சொல்லியிருக்கிறேன். யார் அனுப்பியது என்று வண்டிக்காரனுக்கே தெரியாது. அம்சத்திடம் சொல்லிக் கைக்குத்தலாக இல்லாமல் மில்லில் தீட்டி, குழைய வடித்துச் சாப்பிடு. கைக்குத்தல் நமக்குச் செரிக்காது.

என்னைத் தப்பாக எண்ணாதே.

உன் அண்ணன்,
தங்கையன்


கீழத்தெரு, மேலவெளி
19.10.1972

மிராசுதார் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நெல் மூட்டையை வந்த வண்டியிலேயே திருப்பி அனுப்பிவிட்டேன். யார் அனுப்பியது என்று தெரியாத நெல்லை நாங்கள் வீட்டுக்குள் ஏற்றினால், திருட்டு நெல் என்று நாளைக்குக் கண்ணுசாமியே போலீஸோடு வந்து நிற்பார். இதுகூட உங்களுக்குத் தோன்றவில்லை. அம்சம் மூட்டையைப் பார்த்ததும் பயந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் நெல் கேட்கவில்லை. ஒரு வார்த்தை கேட்டேன்.

ஆற்றுக்கு அக்கரையில், என்னைத் தெரியாத ஊரில், வேலைக்குப் போனேன். சோறு கொண்டுபோகவில்லை. தின்றால்தானே படுக்கவேண்டும், தின்னாமலே இருந்துவிடலாம் என்று பார்த்தேன். கொஞ்ச நாள் ஓடியது. பிறகு ஒருநாள் கதிர்க்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு களத்துக்கு வரும்போது கண் இருட்டி, கட்டோடு வாய்க்காலில் விழுந்தேன். தூக்கிவிட்டவர் சங்கத்து ரெத்தினம். என்னடா என்று கேட்டார். சொன்னேன். என்னைப் பற்றி மட்டும்தான் சொன்னேன், உங்களைப் பற்றிச் சொல்லவில்லை. தை அறுப்புக்கு முன்னால் தாலுகா ஆபீஸில் கூலிப் பேச்சு நடக்கும்போது, காலையில் அரை மணி ஓய்வு எல்லாருக்கும் வேண்டும் என்று கேட்கலாம், நீயே எழுந்து சொல் என்றார். சொல்லப் போகிறேன். நீங்களும் அந்த மேஜையில் இருப்பீர்கள்.

உங்கள் பெண் கல்யாணம் நன்றாக நடக்கவேண்டும். அதில் எனக்கு மனசு வேறில்லை. ஆனால் ஐயா, ஒரே டாக்டர், ஒரே கத்தி. நீங்கள் படுத்தால் தியானம், நான் படுத்தால் சோம்பேறித்தனம். இதை நினைத்தால் வயிறு எரிகிறது, அந்தப் பாதி வயிறும்.

இப்படிக்கு,
இராஜாங்கம்


மேலவெளி
9.1.1973

தம்பி இராஜாங்கத்துக்கு,

நான் போட்ட இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. இதற்கும் போடமாட்டாய் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

நேற்றுத் தாலுகா ஆபீஸில் நீ எழுந்து நின்றபோது நான் மேஜையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். நன்றாகப் பேசினாய். கெஞ்சவுமில்லை, முறைக்கவுமில்லை. வெட்டிய வயிற்றுக்குப் பத்து மணிக்குச் சோறும் அரை மணி படுக்கையும் வேண்டும் என்று நீ சொன்னது, டாக்டர் சொன்னதுபோலவே இருந்தது. அப்போதுதான் அந்த வடக்குத் தெருக்காரர் என் தோளைத் தட்டி, ‘நம்ம தங்கையன் மாதிரி மிராசுதாரு தியானம் பண்ணுறாரு, சரி. கூலிக்காரனும் பண்ணணுமா?’ என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன். நீ என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய், நான் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் எல்லாரும் என் முகத்தைப் பார்ப்பார்கள் என்று பயம். நேற்றுச் சாயங்காலத்திலிருந்து கிண்ணத்தைத் தொடவில்லை.

உங்கள் தெருக் காளியம்மாள் மட்டும் எழுந்திருக்காவிட்டால் உன் பேச்சு அந்தச் சிரிப்போடு போயிருக்கும். ‘மாட்டைக் கன்னுக்கு அவுத்து விடுறீங்க, எங்கள எங்க புள்ளைக்கு அவுத்து விட மாட்டீங்களா?’ என்று அவள் கேட்டதும் பேச்சை நடத்திய ஆர்.டி.ஓ. பேனாவை எடுத்துவிட்டார். பத்து மணிக்கு அரை மணி நேரம், எல்லா வயலிலும், எல்லாருக்கும். நானும் கையெழுத்துப் போட்டேன். சந்தோஷமாகப் போட்டேன் என்றால் நீ நம்புவாயா?

நீ ஜெயித்துவிட்டாய். நான் ஒன்றும் செய்யாமலே ஜெயித்துவிட்டாய். உன்னை வேலைக்குச் சேர்க்கச் சொல்லிக் கண்ணுசாமியிடம் சொல்லிவிட்டேன், பேச்சுவார்த்தையில் ஒத்துக்கொண்டதால் என்று சொன்னேன். காரணம் சொல்வதற்கு ஒரு அரசாங்கக் காகிதம் தேவைப்பட்டது எனக்கு.

தங்கையன்


கீழத்தெரு, மேலவெளி
12.2.1973

மிராசுதார் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். டாக்டர் உங்களுக்குச் சொல்லச் சொன்னார், அதனால் எழுதுகிறேன்.

சங்க மாநாட்டுக்காக மெட்ராஸ் போனேன். அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போய் உடம்பைக் காட்டினேன். ஆபரேஷன் ஆகி ஒரு வருஷத்தில் வரச் சொல்லியிருந்தார்களே. எடை குறைந்துவிட்டது, ரத்தம் போதவில்லை என்று மாத்திரை கொடுத்தார்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெரியவர் ஏன் வரவில்லை என்று டாக்டரே கேட்டார். நமக்குச் செய்ததுபோல் செய்தவர்களுக்கு ரத்தம் குறையுமாம், எலும்பு தேயுமாம், காசம் சீக்கிரம் பற்றுமாம். வருஷத்துக்கு ஒருமுறை கட்டாயம் பார்க்கவேண்டுமாம். நீங்கள் சாக்கு எதுவும் சொல்லாமல் போய்க் காட்டுங்கள்.

இன்னொன்று. இப்போது அவர்கள் பாதியை எடுப்பதில்லை. இரைப்பையில் அமிலம் சுரக்கச் செய்கிற நரம்பை மட்டும் தேடிப் பிடித்து வெட்டுகிறார்கள். வயிறு முழுசாக அப்படியே இருக்கிறது. நாம் கிடந்த வார்டில் அப்படிச் செய்துகொண்ட இரண்டு பேர் உட்கார்ந்து சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சாம்பார், ரசம், மோர் எல்லாம் ஊற்றி. சாப்பிட்டுவிட்டு எழுந்து கைகழுவிக்கொண்டு நடந்து போனார்கள். நான் வாசலில் நின்று பார்த்தேன். நமக்குக் கொஞ்சம் பொறுத்துச் செய்திருந்தால் இத்தனையும் இல்லை. டாக்டரிடம் சொன்னேன். ‘அன்னைக்கு எங்களுக்குத் தெரிஞ்சது அதுதான்பா, உயிரைக் காப்பாத்தணும்ல’ என்றார். பாவம், அவர்மேல் தப்பில்லை.

கல்யாணம் நன்றாக நடந்ததாகக் கேள்விப்பட்டேன். பெண் நன்றாக இருக்கட்டும்.

இராஜாங்கம்


மேலவெளி
3.3.1973

தம்பி இராஜாங்கத்துக்கு,

நீ எழுதினாயே, அதுவே போதும். காரியமாகத்தான் எழுதினாய் என்றாலும் நீ எழுதினாய்.

அந்த நரம்புச் சமாசாரத்தைப் படித்துவிட்டு மேஜையில் இருந்த செம்பைத் தூக்கி எறிந்தேன். ரசம் ஊற்றி, மோர் ஊற்றி! அந்தச் சின்ன டாக்டர் கையில் கிடைத்தால் என்ன செய்வேனோ. பிறகு யோசித்தேன், அந்த முறையில் செய்திருந்தால் நமக்கு ஒன்றும் ஆகியிருக்காது, நாலு நாளில் எழுந்து ஆளுக்கொரு பக்கம் போயிருப்போம். உனக்கு ஒரு கடிதம்கூட எழுதியிருக்கமாட்டேன்.

கல்யாணத்தில் சம்பந்தி என் பக்கத்தில் உட்கார்ந்து, பாயசத்தைத் தன் கையாலேயே ஊற்றினார். விரதம் என்றேன். ‘பொண்ணு கல்யாணத்துல என்னங்க விரதம், இன்னைக்கு முறிச்சுடுங்க’ என்று எல்லாருமாகப் பிடித்துக்கொண்டார்கள். குடித்தேன். தாலி கட்டியது எனக்குச் சரியாகத் தெரியவில்லை, எல்லாம் மஞ்சளாகத் தெரிந்தது. நெல் அறைக்குள் போய் மூட்டைகளுக்கு நடுவில் படுத்துக்கொண்டேன். வெளியே என் பெண்ணுக்கு வாத்தியம் வாசிக்கிறார்கள். என்னைத் தேடிக் கூப்பிடுகிறார்கள். வாய் திறக்க முடியவில்லை. பிறகு நான் ஆசீர்வாதம் பண்ணப் போனபோது முகமெல்லாம் வேர்வை, பெண்ணைப் பிரிவது தாங்காமல் அழுதிருக்கிறார் என்று சொன்னார்களாம். அழுததும் உண்மைதான்.

சாவித்திரி போய்விட்டாள். இப்போது கதவைச் சாத்தவேண்டிய அவசியம்கூட இல்லை, பார்க்க ஆளே இல்லை. சாப்பிட்டால் கரண்டிச் சத்தம் எனக்கே பெரிசாகக் கேட்கிறது.

தெற்கு வெளியில் அறுப்பு நடக்கிறது. பத்து மணிக்கு நீங்கள் எல்லாரும் வரப்பில் ஏறுவதை மாடியிலிருந்து பார்க்கிறேன். நானும் அந்நேரம்தான் கிண்ணத்தை எடுக்கிறேன். நீ துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு படுப்பதைப் பார்த்துவிட்டு நானும் படுக்கிறேன். போதுமடா இது. கல்யாணம் முடிந்துவிட்டது, இனி எனக்கு யாரிடம் பயம்? வருகிற திங்கட்கிழமை பத்து மணிக்கு டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு நானே வரப்புக்கு வருகிறேன். உன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவேன். கண்ணுசாமி, ரெத்தினம், காளியம்மாள் எல்லார் முன்னாலும் சொல்வேன், எனக்கும் இதே ஆபரேஷன், இவன் சோம்பேறி இல்லை என்று. பிறகு இரண்டு பேரும் வரப்பிலேயே படுப்போம். உனக்கு இட்லி கொண்டுவருகிறேன், சட்னி இல்லாமல்.

உன் அண்ணன்,
தங்கையன்


கீழத்தெரு, மேலவெளி
8.3.1973

தங்கையன் அவர்களுக்கு,

வணக்கம். உடம்பு தேவலை. நேற்றிலிருந்து வேலைக்குப் போகிறேன்.

உங்கள் கடிதம் எனக்குச் செவ்வாய்க்கிழமைதான் வந்தது. முன்னாலேயே வந்திருந்தால் வரவேண்டாம் என்று எப்படியாவது சொல்லி அனுப்பியிருப்பேன்.

திங்கட்கிழமை நான் தின்று முடித்துப் படுத்திருந்தேன். பெண்கள் அப்போதுதான் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தூக்குச்சட்டியைத் திறந்தார்கள். ‘ஐயா வர்றாரு’ என்று யாரோ சொன்னார்கள். முகத்தில் துண்டு, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் எழுந்து நின்றுவிட்டேன். நிற்கவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. சங்கத்தில் எத்தனையோ தடவை பேசியிருக்கிறோம், எவனுக்கும் எழுந்திருக்கக் கூடாது என்று ரெத்தினம் தொண்டை வற்றக் கத்தியிருக்கிறார். அந்த ரெத்தினமும்தான் எழுந்தார். தலைமுறை தலைமுறையாக எழுந்த கால், நம்மைக் கேட்டுக்கொண்டா எழுகிறது?

தின்ற உடனே எழுந்தால் நமக்கு என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். வேர்த்தது. வரப்பு சாய்வதுபோல் இருந்தது. விழுந்துவிட்டேன். நீங்கள் கேரியரைப் போட்டுவிட்டு ஓடிவந்து, ‘படுடா, படு, எழுந்திரிக்காத! காலைத் தூக்கி வைங்க’ என்று கத்தினீர்கள். சட்டையைப் பிய்த்துத் தழும்பைக் காட்டி, ‘எனக்கும் இதே ஆபரேஷன்தான், பாதி வயிறுதான், இவன் பொய் சொல்லலே’ என்று சொன்னீர்கள். உங்கள் குரல் உடைந்ததை நான் கேட்டேன். கீழே கிடந்தபடி எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. அதைப் புரட்டாசியில் சொல்லியிருந்தால் உங்களை வாழ்நாள் முழுக்க அண்ணன் என்று கூப்பிட்டிருப்பேன்.

காளியம்மாள் சொன்னது உங்கள் காதில் விழுந்ததா தெரியவில்லை. ‘ஐயாவுக்கு என்ன, வூட்டுல கட்டில் கெடக்கு’ என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள்.

பிறகு நீங்கள் வரப்பில் உட்கார்ந்தீர்கள். கேரியரைத் திறந்து எனக்கு இட்லி எடுத்து வைத்தீர்கள். ‘உட்காருங்க, எல்லாரும் சாப்பிடுங்க’ என்று திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். ஒருத்தரும் உட்காரவில்லை. நீங்கள் சாப்பிடும்வரை நின்றார்கள். கையில் திறந்த சட்டியோடு நின்றார்கள். அரை மணி ஆனதும் கண்ணுசாமி கூப்பிட்டார், அப்படியே மூடி வைத்துவிட்டு அறுக்க இறங்கிவிட்டார்கள். அன்றைக்குப் பத்து மணிக்குச் சாப்பிட்டது என்னை விட்டால் நீங்கள் ஒருத்தர்தான். அந்த அரை மணிக்காக நாங்கள் எவ்வளவு பேசி வாங்கினோம்.

நீங்கள் தனியாக இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்தக் கதவும் கரண்டிச் சத்தமும் படித்தபோது எனக்குத் தாங்கவில்லை. ஆனால் உங்கள் வீட்டு முன்வாசலில் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து இட்லி போட உங்களுக்குத் தோன்றவில்லை. எங்களுக்கென்று கிடைத்த அரை மணியில், நாங்கள் உட்காருகிற வரப்புக்குத்தான் வரத் தோன்றியது. திட்டிச் சொல்லவில்லை. இந்த ஊரில் பிறந்த யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

இனி கடிதம் வேண்டாம். மெட்ராஸுக்குப் போய் ரத்தம் பார்த்துக்கொள்ளுங்கள், மாத்திரை சாப்பிடுங்கள். பத்து மணிக்கு வயல் பக்கம் வராதீர்கள். மாடியிலும் நிற்கவேண்டாம், நீங்கள் நிற்பது இங்கிருந்து தெரிகிறது. நீங்கள் வரமாட்டீர்கள் என்று தெரிந்தால்தான் நான் படுக்க முடியும்.

இப்படிக்கு,
இராஜாங்கம்